ஆழம் தெரிந்து காலை விடுவோம்!

"இருக்கிறதிலேயே விலை குறைந்தது எது?"

நம் கடைகளில் நாள் ஒன்றுக்குப் பத்து முறையாவது காதில் விழும் கேள்வி இது. துவரம்பருப்பானாலும் சரி, பிளாஸ்டிக் வாளியானாலும் சரி, மழைக்கோட்டானாலும் சரி, கேட்பவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. அவரைக் கஞ்சர் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. கையிலுள்ள பணத்துக்குள் காரியம் முடிய வேண்டும் என்று நினைப்பவர் அவர். நாம் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் அவர் மறுபடியும் நம் கடைப் படி ஏறுவதும் ஏறாததும் அமையும்.

இம்முறை, நம்மில் மிகச் சிலரே கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேடலாம் என்று எண்ணினோம். பழகிய சரக்கென்றால் வாய் தானாகவே பதில் சொல்லிவிடும். பழகாத சரக்கில்தான் விலை எங்கிருந்து வருகிறது, எதில் குறைக்கலாம், எதில் குறைக்கக் கூடாது என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சரக்கின் பெயர் வேடர்ஸ்.

அது என்ன சரக்கு?

பெயரைக் கேட்டு வில்லும் அம்பும் ஏந்திய வேடரை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றில் இறங்கி நின்று தூண்டில் போடுபவர்கள் அணியும், நீர் புகாத நீண்ட கால்சட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. பாதம் முதல் மார்பு வரை ஒரே உறையாக இருக்கும். தோளில் பட்டைகளால் மாட்டிக்கொள்வார்கள்.

குளிர்ந்த, தெளிந்த, ஓடும் நீரில் வாழ்வது ட்ரவுட் மீன். ஏறத்தாழ 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீர்தான் அதற்குச் சுகம். இறகும் நூலும் கொண்டு ஈயைப் போலச் செய்த ஒரு சிறு பொம்மையைத் தூண்டில் முள்ளில் கட்டி, கனமான நூலை வீசி, உண்மையான பூச்சி நீரில் விழுந்ததுபோல் மீனை ஏமாற்றிப் பிடிப்பதே ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் பொழுதுபோக்கு. கரையில் நின்றால் பின்னால் இருக்கும் மரக்கிளையில் நூல் சிக்கும். மீன் இருக்கும் இடமும் எட்டாது. ஆகவே ஆற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த நீரில் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் நிற்பது ஆகிற காரியமல்ல. காற்றைக் காட்டிலும் நீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் உடம்பின் சூடு விரைவில் இறங்கிவிடும். வேடர்ஸ் தேவைப்படுவது இதனால்தான்.

இது பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளின் விளையாட்டு. நம் நாட்டிலும் அடியோடு இல்லாமல் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் காஷ்மீர் ஆறுகளிலும், நம் நீலகிரியின் ஓடைகளிலும் ட்ரவுட் கொண்டுவந்து விடப்பட்டது. அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டதும் அந்த வழியில்தான். ஆயினும் கடை கடையாக வேடர்ஸ் தொங்கும் சந்தை அமெரிக்காவில்தான் இருக்கிறது. எனவே அந்தச் சந்தையை வைத்தே பேசுவோம்.

உயரத்தில் மூன்று வகை

தொடை வரை வருவது ஒன்று. இடுப்பு வரை வருவது ஒன்று. மார்பு வரை வருவது ஒன்று. தொடை வரை வருவதுதான் விலையில் குறைந்தது. முழங்கால் ஆழமுள்ள சிற்றோடைகளில் மட்டும் மீன் பிடிப்பவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் ஆற்றுப் படுகை கடைத்தரைபோல் சமமாக இருப்பதில்லை. ஓரடி தள்ளி வைத்தால் ஒரு பள்ளம். தொடை உயர வேடர்ஸுக்குள் ஒருமுறை நீர் புகுந்துவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது.

மார்பு வரை வருவதை வாங்கினால் ஆழமில்லாத இடத்தில் மேற்பகுதியை இடுப்புக்கு மடித்து விட்டுக்கொள்ளலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு அதுவே ஏற்றது. 'சின்னதை வாங்கிப் பிறகு பெரியதையும் வாங்கினேன்' என்று இரட்டைச் செலவு செய்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

துணியில் மூன்று வகை

முதல் வகை, ரப்பர் அல்லது பி.வி.சி. பூசிய நைலான். விலை மலிவு, முள்ளுக்கும் கல்லுக்கும் ஓரளவு தாங்கும். குறை என்னவென்றால் உள்ளே உண்டாகும் வியர்வைக்கு வெளியேற வழியில்லை. வெயிலில் ஒரு மைல் நடந்துவிட்டு ஆற்றில் இறங்கினால், ஆற்று நீர் புகாமலேயே உள்ளே நனைந்திருக்கும். 'ஓட்டை விழுந்த சரக்கைக் கொடுத்துவிட்டார்கள்' என்று கடைக்கு வரும் புகார்களில் சில உண்மையில் இந்த வியர்வையால் வருபவை.

இரண்டாம் வகை, நியோப்ரீன். 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை ரப்பர் இது. முத்துக் குளிப்போரின் இன்றைய உடையைப் போல, சிறு காற்றுக் குமிழிகள் நிறைந்த தடித்த தகடாக இருக்கும். 3 முதல் 5 மில்லிமீட்டர் கனத்தில் வருகிறது. பனிக்காலத்தில் இதற்கு இணை இல்லை. கோடையில் அணிந்தால் அடுப்பங்கரைதான்.

மூன்றாம் வகை, நீரைத் தடுத்து ஆவியை விடும் படலம் ஒட்டிய துணி. 1969-இல் பாப் கோர் என்பவர் டெஃப்லான் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது, அது நுண்துளைகள் நிறைந்த படலமாக மாறுவதைக் கண்டார். கோர்டெக்ஸ் துணி இதிலிருந்து பிறந்தது. துளைகள் நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. நீராவி வெளியேறும் அளவு பெரியவை. இதே தத்துவத்தில் பாலியூரித்தேன் படலம் கொண்டு விலை குறைந்த துணிகளும் இப்போது வந்துவிட்டன. இவை எடை குறைவு; எந்தப் பருவத்துக்கும் ஆகும். குளிருக்கு உள்ளே கம்பளிக் காலுறையும் கதகதப்பான கால்சட்டையும் அணிந்துகொண்டால் போதும்.

ஆகவே கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவுக்குள் வேண்டும்?" என்பதல்ல. "எந்த மாதத்தில், எந்த ஆற்றில் இறங்கப் போகிறீர்கள்?" என்பதே. கோடையில் மட்டும் போகிறவருக்கு நியோப்ரீனை விற்றால் அது எந்த விலையானாலும் அதிக விலைதான்.

பாதமும் அடிப்பகுதியும்

சில வேடர்ஸில் பூட்ஸ் சேர்ந்தே வரும். மாட்டினால் இறங்கிவிடலாம். தனியாக ஒரு செலவு இல்லை. மற்றவற்றில் காலுறைபோல் நியோப்ரீன் பாதம் மட்டும் இருக்கும்; அதற்குமேல் தனியே பூட்ஸ் வாங்கி அணிய வேண்டும். இரண்டாவது வகையின் விலைச்சீட்டைப் பார்த்து 'இது குறைவு' என்று எடுத்தவர், பூட்ஸ் விலையையும் கூட்டிப் பார்க்கும்போது திகைப்பார். இதைக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் வழுக்குப் பாறைகளில் நடக்கவும், நெடுந்தூரம் போகவும் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் தனி பூட்ஸே நல்லது. பூட்ஸ் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும் உண்டு.

பூட்ஸின் அடிப்பகுதியில் முன்பெல்லாம் கம்பளிபோன்ற ஃபெல்ட் ஒட்டுவதே வழக்கம். பாசி பிடித்த கல்லில் அதுபோல் பிடிப்பது வேறில்லை. ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓர் ஆற்றிலிருந்து பாசியையும் கிருமியையும் அடுத்த ஆற்றுக்குச் சுமந்து செல்கிறது. நியூசிலாந்தில் 2004-இல் டிடிமோ என்ற அந்நியப் பாசி ஆற்றில் காணப்பட்ட பின், 2008-இல் அந்த நாடு ஃபெல்ட் அடிப்பகுதிக்குத் தடை போட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 2018-இல் தடை செய்தது. இந்த விவரம் தெரியாத கடைக்காரர், பழைய சரக்கு தேங்கிவிட்டதே என்று ஃபெல்ட் பூட்ஸைத் தள்ளுபடியில் கொடுத்தால், வாங்கியவர் ஆற்றங்கரையில் திருப்பி அனுப்பப்படுவார். அவர் கோபம் யார்மேல் வரும்? சட்டம் அறிந்து கொள்முதல் செய்ய வேண்டியதன் அவசியத்தை நாம் வேறு சரக்குகளில் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறோம்.

தடையுள்ள இடங்களுக்கு ஆழமான வெட்டுக்கள் கொண்ட ரப்பர் அடிப்பகுதியே வழி. அதில் உலோக ஆணிகள் திருகிக்கொண்டால் பிடிப்பு கூடும்.

கடையிலேயே பார்க்க வேண்டியவை

ஒரு மீட்டர் ஆழத்தில் நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 100 கிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளையும் போதும், நீர் உள்ளே வந்துவிடும். வேடர்ஸ் பெரும்பாலும் நடுத்துணியில் கிழிவதில்லை; தையலில்தான் விடும். குறிப்பாக இரண்டு கால்களும் சேரும் இடம், முழங்காலின் உட்புறம், துணியும் பாதமும் இணையும் இடம் ஆகிய மூன்றும் முக்கியம்.

ஆகையால் வாங்குபவர் வேடர்ஸை உள்புறம் திருப்பிப் பார்க்க வேண்டும். தையல்களின் மீது நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா, அது சுருங்காமல் குமிழி இல்லாமல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். நடக்கும்போது ஒன்றோடொன்று உரசும் உட்பக்கத்தில் தையல் ஓடாமல் இருந்தால் நல்லது. முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் கூடுதலாக ஓர் அடுக்குத் துணி இருந்தால், அந்த வேடர்ஸ் சில பருவங்கள் கூடுதலாக உழைக்கும்.

அடுத்தது அளவு. தடித்த காலுறையோடு மாட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியின் மீது கால் வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். பிறகு குந்தி உட்கார வேண்டும். எங்கேனும் இறுக்கிப் பிடித்தால் தையல் சீக்கிரம் விடும். தொளதொளவென்று இருந்தாலோ மடிப்புகள் உரசித் தேய்ந்து ஓட்டை விழும். ஓடும் நீரும் அதைப் பிடித்து இழுக்கும். 'பிள்ளை வளர்ந்துவிடும், பெரிதாக இருக்கட்டும்' என்ற நம் வீட்டுக் கணக்கு இந்தச் சரக்குக்கு ஆகாது.

விலையா, செலவா?

இன்று அமெரிக்கக் கடைகளில் 100 டாலருக்குள்ளும் வேடர்ஸ் கிடைக்கிறது. 200, 300 டாலருக்கும் கிடைக்கிறது. உயர்ந்த ரகம் 800 டாலரையும் தாண்டுகிறது. ஒரே வேலை செய்யும் பொருளுக்கு இத்தனை வித்தியாசம். எதை வாங்குவது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை.

60 டாலர் வேடர்ஸ் ஒன்று 15 நாள் உபயோகத்துக்குப் பின் ஒழுகத் தொடங்குகிறது என்று கொள்வோம். நாள் ஒன்றுக்கு 4 டாலர். 240 டாலர் வேடர்ஸ் 100 நாள் உழைக்கிறது. நாள் ஒன்றுக்கு 2 டாலர் 40 சென்ட். வருடத்துக்கு 25 நாள் ஆற்றில் நிற்பவருக்கு, விலை கூடியதே செலவு குறைந்தது.

இதோடு நிறுத்திக்கொண்டால் அது விற்பனையாளரின் கணக்காகிவிடும். வருடத்தில் 3 நாள் மட்டும் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரும் பசையும் உபயோகிக்காவிட்டாலும் வருடங்கள் ஆக ஆகக் கெட்டுத்தான் போகும். 240 டாலர் வேடர்ஸ் அவரிடம் 8 வருடம் இருந்தாலும் 24 நாள்தான் உபயோகம். நாளுக்கு 10 டாலர். 60 டாலர் வேடர்ஸோ 5 வருடம் வரும். நாளுக்கு 4 டாலர். இவருக்கு மலிவுச் சரக்கே சரியான சரக்கு. வருடத்துக்கு ஒரே ஒரு நாள் போகிறவர் என்றால் வாங்கவே வேண்டாம். ஆற்றோரக் கடைகள் பலவற்றில் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

ஆக, விலை சரக்கில் எழுதியிருக்கிறது. செலவோ வாடிக்கையாளரின் உபயோகத்தில் இருக்கிறது. அவரைக் கேட்காமல் எது சிக்கனம் என்று சொல்ல முடியாது.

சிக்கனம் பார்க்கக் கூடாத ஓர் இடம்

வேடர்ஸோடு இடுப்பில் கட்டும் ஒரு பெல்ட் வரும். மலிவு ரகங்களில் சில சமயம் அது இருக்காது. இருந்தாலும் கொக்கி சரியாக இருக்காது. பார்க்கச் சாதாரண நாடா. விலையும் சொற்பம். ஆனால் மொத்தச் சரக்கிலும் உயிரைக் காப்பது அதுதான்.

கால் வழுக்கி விழுந்தால், பெல்ட் இறுக்கியிருக்கும்போது நீர் உள்ளே வேகமாகப் புகாது. கால்பகுதியில் உள்ள காற்று ஓரளவு மிதக்கவும் உதவும். நீர் நிறைந்த வேடர்ஸ் ஆளைக் கல்லைக் கட்டியதுபோல் கீழே இழுத்துவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நீருக்குள் இருக்கும் நீருக்குத் தனி எடை கிடையாது. அமெரிக்காவின் புகழ்பெற்ற தூண்டிற்காரர் லீ வுல்ஃப், வேடர்ஸ் அணிந்தபடியே பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து, நீந்திக் கரையேறி இதை நிரூபித்துக் காட்டினார். ஆபத்து வேறு விதத்தில் வருகிறது. நீர் நிறைந்த உறை ஓட்டத்தில் பாய்மரம்போல் இழுபடும். கரையேறும்போது அத்தனை நீரையும் சுமந்து எழ வேண்டும். குளிர் கைகால்களை மரக்கச் செய்யும். திறமை வாய்ந்தவருக்குப் பிழைக்க வழியிருக்கலாம். முதல்முறை இறங்கும் வாடிக்கையாளருக்கு அந்தத் திறமை எங்கிருந்து வரும்?

ஆகவே, பெல்ட் இல்லாத வேடர்ஸை விற்க நேர்ந்தால், தனியே ஒரு பெல்ட்டைச் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதே முறை. அதோடு ஊன்றுகோல் ஒன்றும், இரண்டு வார்த்தை புத்திமதியும் சேர்த்துக் கொடுக்கலாம்: 'ஊன்றிப் பார்த்துவிட்டு அடி எடுத்து வையுங்கள். விழுந்துவிட்டால் வேகமான நீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள், பாறை இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். கால்களை ஓட்டத்தின் பக்கம் நீட்டி மல்லாந்து மிதந்தபடி கரையை நோக்கிக் கையால் துழாவுங்கள்.' ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பராமரிப்பு

மலிவு வேடர்ஸும் கவனித்துக்கொண்டால் நாள்பட வரும். ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் காயவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டிக் காரில் போட்டு வைத்தால் பூசணம் பிடிக்கும், பசை விடும். வெயில் ரப்பரைப் பொரிய வைக்கும். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும் என்பதால் தொங்கவிடுவதே நல்லது. ஒழுகும் இடம் தெரியாவிட்டால், இருட்டறையில் உள்ளே டார்ச் விளக்கை விட்டுப் பார்த்தால் சில ஓட்டைகள் தெரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பின் யூரித்தேன் பசையை வட்டமாகத் தடவி ஓர் இரவு விட்டால் சிறு துளைகள் அடைபடும். இந்தப் பசைக் குழாய் ஒன்றையும் சேர்த்து விற்கும் கடைக்காரருக்கு அதிலும் ஒரு சிறு லாபம் உண்டு. வாடிக்கையாளருக்கோ ஒரு பருவம் மிச்சம்.

நூற்றில் தொண்ணூறு திரும்பி வந்த கதை

கடைசியாக, நம் வணிகர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒரு செய்தி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1912-இல் லியான் லியன்வுட் பீன் என்பவர் அடியில் ரப்பரும் மேலே தோலும் கொண்ட வேட்டைக்காரர் பூட்ஸைச் செய்து, தபால் மூலம் விற்றார். முதலில் விற்ற 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தன. ரப்பரும் தோலும் சேரும் இடத்தில் தையல் விட்டுவிட்டது. அவர் சாக்குச் சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கிச் சரக்கைத் திருத்தினார். இன்று வேடர்ஸும் விற்கும் எல்.எல்.பீன் என்ற பெரிய நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான்.

கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் கழித்துக் கொண்டுவந்தாலும் மாற்றித் தருகிறோம் என்ற அந்த நிறுவனத்தின் உத்தரவாதத்தைச் சிலர் துஷ்பிரயோகம் செய்தார்கள். பல்லாண்டுகள் உழைத்துத் தேய்ந்ததையும், பழைய பொருள் கடையில் வாங்கியதையும் கொண்டுவந்து புதிது கேட்டார்கள். முந்தைய ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் இழப்பு என்று சொல்லி, 2018-இல் அந்த உத்தரவாதம் ரசீதுடன் ஒரு வருடம் என்று சுருக்கப்பட்டது. நல்ல பெயரை வளர்த்த வாக்குறுதியானாலும், எல்லை வகுக்காவிட்டால் கல்லாவுக்கு ஆகாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு வழி கிடைக்கிறது. சரக்கின் குறையைப் பிறகு ஈடுசெய்வதைவிட, விற்கும்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மலிவானது. 'ஐயா, இது விலை குறைந்தது. வருடத்துக்கு நாலைந்து நாளுக்குத் தாங்கும். வியர்க்கும். தையலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டைக் கட்டாமல் இறங்காதீர்கள்' என்று சொல்லி விற்ற 60 டாலர் வேடர்ஸ், பதினைந்தாம் நாள் ஒழுகினாலும் வாங்கியவர் கடைக்காரரைத் திட்டமாட்டார். அடுத்ததை வாங்க அவரிடமே வருவார்.

மலிவுச் சரக்கு விற்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. நம்மில் பெரும்பாலோர் பிழைப்பதே அதில்தான். மலிவை உயர்ரகம் என்று சொல்லி விற்பதுதான் இழுக்கு. நாளைக் காலை நம் கடையில் "விலை குறைந்தது எது?" என்று ஒருவர் கேட்கும்போது, கையை அலமாரிக்கு நீட்டுவதற்கு முன் "எதற்காக வேண்டும்?" என்று ஒரு கேள்வி கேட்போம். அவர் இறங்கப்போகும் ஆழம் என்ன என்று தெரிந்துகொண்டு சரக்கைக் கொடுப்போமாக.